மார்ச் 17: அயர்லாந்தின் பேட்ரிக் திருநாள் பற்றி வாசகர் கேட்டவை

அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். இந்தத் திருநாளில் பேட்ரிக் தன் கையால் எழுதி வைத்த செய்திகளும் உண்டு. அவர் மறைந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தவையும் உண்டு. அதனால் எது எப்போது வந்தது என்பதை முடிந்த இடத்திலெல்லாம் ஆண்டோடு சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பேட்ரிக் அயர்லாந்துக்காரரே இல்லையாமே? அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு?

உண்மைதான். அவர் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் பிறந்தவர். இதைச் சொல்வது பிற்காலக் கதை எதுவும் இல்லை, அவரே எழுதிய கன்ஃபெஸ்ஸியோ என்ற லத்தீன் நூல். தந்தை கல்போர்னியஸ் ஒரு திருத்தொண்டர், தாத்தா பொட்டிட்டஸ் ஒரு குரு. ஊர் பன்னவெம் தபர்னியே. அந்த ஊர் எங்கே இருந்தது என்பதை இன்றுவரை யாரும் நிலைநாட்டவில்லை.

ஏறக்குறைய 16 வயதில் அயர்லாந்துக் கொள்ளையர் அவரைப் பிடித்துப் போனார்கள். ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்தார். பிறகு தப்பி, 200 மைல் நடந்து, ஒரு கப்பலைப் பிடித்து வெளியேறினார். வீடு திரும்பிய பின் ஒரு கனவு. விக்டோரிக்கஸ் என்பவர் கட்டுக் கட்டாகக் கடிதங்களோடு வருகிறார். ஒன்றைப் பிரித்ததும் 'மீண்டும் எங்களிடம் வா' என்று அயர்லாந்து மக்களின் குரல் கேட்கிறது. தன்னை அடிமையாக்கிய நாட்டுக்கே அவர் ஆயராகத் திரும்பிப் போனார். அந்த நூலின் முதல் வரியில் தன்னைப் 'பாவி, படிப்பறிவு குறைந்தவன்' என்று அவர் அறிமுகம் செய்துகொள்கிறார்.

அவர் எழுதியவற்றில் மிஞ்சியவை இரண்டே. மற்றொன்று கொரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரருக்கு எழுதிய கடிதம். அப்போதுதான் திருமுழுக்குப் பெற்று, வெள்ளுடை மாறாமல், நெற்றியில் பூசிய எண்ணெயின் ஈரம்கூடக் காயாமல் நின்றவர்களை அந்த வீரர்கள் வெட்டினார்கள். மற்றவர்களை அடிமைகளாக இழுத்துப் போனார்கள். அவர்களோடு யாரும் உண்ணவோ பழகவோ கூடாது என்று பேட்ரிக் எழுதினார். அடிமைப்பட்ட பெண்களே மிக அதிகம் துன்பப்படுகிறார்கள் என்று கன்ஃபெஸ்ஸியோவிலும் ஓர் இடத்தில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் வாசித்து முடித்துவிடலாம். திருநாளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்தியாக வேண்டும்: அயர்லாந்தின் முதல் ஆயர் அவரில்லை. 431இல் திருத்தந்தை செலஸ்டின், பல்லாடியஸ் என்பவரை 'கிறிஸ்துவை நம்பும் அயர்லாந்தியருக்கு' முதல் ஆயராக அனுப்பினார். ஆக அங்கே ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பேட்ரிக் 432இல் வந்தார் என்பது பழைய ஆண்டுக்குறிப்புகளின் கணக்கு. மன்னர் லோய்கரேயின் தடையை மீறி ஸ்லேன் குன்றில் பாஸ்கா (ஈஸ்டர்) தீ ஏற்றியது போன்ற புகழ்பெற்ற காட்சிகள் எல்லாம், சுமார் இருநூறு ஆண்டு கழித்து 7ஆம் நூற்றாண்டில் முயர்கூ என்பவர் எழுதிய பேட்ரிக் வரலாற்றில் வருபவை.

கேள்வி: மார்ச் 17 என்பது பிறந்த நாளா? சில ஆண்டுகளில் தேதி மாறுவது ஏன்?

இறந்த நாள் என்பது மரபு. ஆண்டு 461 என்றும் 493 என்றும் இருவிதமாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் தேதி மிகப் பழையது. இன்றைய பெல்ஜியத்தில் நிவெல் மடத்தின் தலைவியாக இருந்த புனித கெர்ட்ரூட் 659 மார்ச் 17 அன்று இறந்தார். அவருடைய வரலாறு அந்த நாளைப் பேட்ரிக்கின் நாள் என்றே குறிப்பிடுகிறது. 9ஆம் நூற்றாண்டின் ஆர்மா நூல், இளவேனிலின் நடுவில் மூன்று பகலும் மூன்று இரவும் இந்தத் திருநாளைக் கொண்டாடச் சொல்கிறது. நல்ல உணவு எல்லாம் உண்ணலாம், இறைச்சி மட்டும் கூடாது, ஏனென்றால் தவக்காலம். திருச்சபை முழுவதற்குமான நாட்காட்டியில் இந்நாள் இடம்பெற்றது 17ஆம் நூற்றாண்டில்தான். வாட்டர்ஃபோர்டில் பிறந்து ரோமில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி லூக் வாடிங்கின் முயற்சி அது.

தேதி மாறுவது புனித வாரத்தால், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டர்) முந்தைய வாரத்தால். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22, 23, 24 ஆகிய மூன்றில் ஒன்றில் வந்தால், மார்ச் 17 புனித வாரத்துக்குள் விழும். அப்போது திருவழிபாடு வேறு நாளுக்கு நகரும். 1940இல் மார்ச் 17 குருத்து ஞாயிறு. திருநாள் ஏப்ரல் 3க்குப் போனது. 2008இல் அது புனித வாரத் திங்கள். அயர்லாந்தில் மார்ச் 15 சனிக்கிழமைக்கு முன்னே வந்தது. அரசு விடுமுறையும் ஊர்வலமும் 17இலேயே இருந்ததால் அந்த ஆண்டு பலர் குழம்பினார்கள். அடுத்து இப்படி நேரப்போவது 2160இல்.

கேள்வி: பாம்புகளைக் கடலில் விரட்டினாரா?

விரட்டுவதற்கு அங்கே பாம்பே இல்லை. பனியுகத்தில் அந்தத் தீவு உறைந்து கிடந்தது. பனி உருகியபின் பாம்புகள் வந்து சேர்வதற்குள் கடல் குறுக்கே வந்துவிட்டது. பேட்ரிக் பிறப்பதற்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டில் சொலினஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் அயர்லாந்தில் பாம்பு கிடையாது என்று எழுதியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் ஃபர்னஸ் மடத்துத் துறவி ஜாஸ்லின் எழுதிய வரலாறுதான் இந்தக் கதையைப் பேட்ரிக்கோடு சேர்த்துப் பரப்பியது. அதே நூற்றாண்டில் வேல்ஸைச் சேர்ந்த ஜெரால்ட், அந்தத் தீவில் இவை தொடக்கம் முதலே இல்லை என்பதே பொருத்தம் என்று எழுதிவிட்டார். அயர்லாந்துக்குச் சொந்தமான ஊர்வன என்று நிலத்தில் இருப்பது ஒரு சின்னப் பல்லியினம் மட்டுமே.

கேள்வி: ஷாம்ராக் என்பது எந்தச் செடி? வீட்டில் வளர்க்க முடியுமா? கடையில் வாங்கிய தொட்டிச் செடி ஊதா நிறத்தில் இருக்கிறது, அது சரியானதுதானா?

ஷாம்ராக் என்பது இந்நாளில் மக்கள் அணியும் மூவிலைச் செடி. ஊதா நிறம் என்றால் அது ஆக்சாலிஸ், அதாவது புளியாரை இனம். இரவில் குடைபோல் இலையை மடக்கிக்கொள்ளும். அழகான செடிதான், ஆனால் ஷாம்ராக் கிடையாது. நாலிலைக் கிளோவரும் (கிளோவர் என்பது பயறுக் குடும்பச் சிறுசெடி) ஷாம்ராக் கிடையாது. அலங்காரத் தோரணங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஷாம்ராக்குக்கு மூன்றே இலை. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை விளக்க பேட்ரிக் அந்த இலையைக் காட்டினார் என்பதுதானே கதை!

அந்தக் கதைக்கு வருவோம். பேட்ரிக்கின் எழுத்தில் அது இல்லை, 7ஆம் நூற்றாண்டு வரலாறுகளிலும் இல்லை. 1681இல் அயர்லாந்தைச் சுற்றிய தாமஸ் டைன்லி, மக்கள் இந்நாளில் சிலுவையும் ஷாம்ராக்கும் அணிவதைக் குறித்திருக்கிறார். மூவொரு கடவுள் விளக்கம் அச்சில் வந்தது 1726இல், கேலப் த்ரெல்கெல்ட் எழுதிய தாவர நூலில். அணியும் வழக்கம் முதலில் பதிவாகியிருக்கிறது, விளக்கம் பின்னால்.

ஷாம்ராக் என்பது ஐரிஷ் மொழியின் 'ஷாம்ரோக்', இளங்கிளோவர் என்று பொருள். அது ஒரே செடியைக் குறிக்காது. 1893இல் நதானியேல் கோல்கன் என்பவர், 'உங்கள் ஊரில் உண்மையான ஷாம்ராக் எதுவோ அதை வேரோடு அனுப்புங்கள்' என்று பல மாவட்டங்களில் கேட்டு, வந்த செடிகளைப் பூக்கும்வரை வளர்த்துப் பார்த்தார். 1988இல் இதே சோதனை மறுபடி நடந்தது. இரண்டு முறையும் முன்னால் நின்றவை இரண்டு: மஞ்சள் பூப் பூக்கும் சிறுகிளோவர், வெண்கிளோவர். 1988இல் வந்தவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவு முதலாவது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இரண்டாவது.

பூக்காத நிலையில் இவற்றைப் பிரித்தறிய இலையை உற்றுப் பாருங்கள். வெண்கிளோவரின் இலையில் பெரும்பாலும் வெளிர்நிற வளைகோடு இருக்கும். தண்டு தரையில் ஓடி வேர்விடும். சிறுகிளோவரில் கோடு இருக்காது, இலை சிறியது, நடு இலைக்கு மட்டும் ஒரு குட்டிக் காம்பு உண்டு. இலை நுனியில் ஊசிமுனை போல் ஒரு புள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் அது கறுப்பு மெடிக் என்ற மூன்றாவது செடி. அதையும் சிலர் அணிகிறார்கள்.

வளர்ப்பது எளிது. மார்ச் 17க்கு வேண்டுமானால் ஜனவரி முதல் பாதியில் விதையுங்கள். எட்டு, ஒன்பது வாரம் தேவைப்படும். விதையின் தோல் கடினமானது. இரண்டு மணல்தாள்களுக்கு இடையில் வைத்து மெதுவாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவிட்டால் ஒன்றுபோல முளைக்கும். 10 செ.மீ. தொட்டியில் இரண்டு சிட்டிகை விதை போதும். மேலே 3 மி.மீ. மண்ணுக்கு மேல் வேண்டாம். முளைத்தபின் 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியும் நல்ல வெளிச்சமும் உள்ள சன்னலோரம் வையுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால், குளிர்கால வெளிச்சம் போதாமல் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். உரமும் போடாதீர்கள். பயறுக் குடும்பச் செடி, தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். உரமிட்டால் இலை பெரிதாகிச் சின்னக் கொத்தாக நிற்கும் அழகு போய்விடும். சிறுகிளோவர் பூத்து விதைத்தபின் காய்ந்துவிடுவது அதன் இயல்பு, உங்கள் தவறில்லை.

சட்டையில் குத்துவதற்கு வேர்மண்ணோடு ஒரு சிறு கொத்தாக எடுத்து, ஈரப் பஞ்சால் அடியைச் சுற்றி, மேலே ஒரு துண்டு அலுமினியத் தாளை இறுக்குங்கள். வெறுமனே கிள்ளிக் குத்தினால் திருப்பலி முடிவதற்குள் வாடிவிடும்.

கேள்வி: பேட்ரிக்கின் நிறம் நீலம் என்று படித்தேன். பச்சை எப்படி வந்தது?

1783இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அயர்லாந்துப் பிரபுக்களுக்காக 'புனித பேட்ரிக் விருதணி' என்ற வீரப் பட்டத்தை நிறுவினார். அதன் பட்டைக்குத் தேர்ந்த வான்நீலமே 'பேட்ரிக் நீலம்' ஆனது. இன்றும் அயர்லாந்துக் குடியரசுத் தலைவரின் கொடியில் பொன்னிற யாழுக்குப் பின்னால் நீலம்தான். ஆனால் பச்சையும் இளையது அன்று. 1640களின் போர்களில் ஐரிஷ் படைத்தலைவர் ஓவன் ரோ ஓ'நீல் தரப்பினர் பச்சைப் பின்னணியில் யாழ் பொறித்த கொடியைப் பயன்படுத்தினார்கள். 1790களில் ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கம் பச்சையை எழுச்சியின் நிறமாக்கியது. நீலம் அரண்மனையோடு நின்றது, பச்சை தெருவுக்கு வந்தது. இதனால்தான் பச்சை வென்றது. மக்கள் வழக்கம் எது என்று கேட்டால் தயங்காமல் பச்சை என்று சொல்லலாம்.

பேட்ரிக்கின் கொடி எனப்படும், வெள்ளையில் சிவப்புப் பெருக்கல்குறிக் கொடியும் 1783 விருதணியோடு வந்ததே. 1801இல் அது பிரிட்டனின் கொடிக்குள் சேர்ந்தது. மேலும், அயர்லாந்து அரசின் சின்னம் யாழ், ஷாம்ராக் கிடையாது. பள்ளிக் கட்டுரைகளில் இது அடிக்கடி மாறிவிடுகிறது.

கேள்வி: ஊர்வலங்கள் வருவதற்கு முன் கிராமத்து வீடுகளில் இந்த நாள் எப்படி இருந்தது? குழந்தைகளுக்குச் செய்து காட்ட ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியைக்கு நன்றி, ஏனென்றால் இப்போது ஏறக்குறைய மறந்துபோன பகுதி இது. 'பேட்ரிக் சிலுவை' செய்வதுதான் குழந்தைகளின் வேலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பல ஊர்களில் இருந்த வழக்கம். 1713இல் எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட், லண்டனின் மால் சாலை நிறைய இந்தச் சிலுவைகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

பையன்களுடையது காகிதச் சிலுவை. சுமார் 8 செ.மீ. சதுரமான தடித்த வெள்ளைக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். கவராயத்தால் 3.5 செ.மீ. ஆரத்தில் வட்டம். ஆரத்தை மாற்றாமல், வட்டத்தின் மேல் ஏதாவது ஒரு புள்ளியில் முனையை ஊன்றி வில் வரைந்து, அது வெட்டும் இடத்தில் மறுபடி ஊன்றிச் சுற்றி வந்தால் ஆறு இதழ் பூ கிடைக்கும். சிலுவையே வேண்டும் என்றால் வட்டத்துக்குள் இரு விட்டங்களைச் செங்குத்தாக வரைந்து, வட்டத்தைத் தொடும் நான்கு முனைகளிலிருந்தும் அதே ஆரத்தில் வில் போட வேண்டும். நான்கு இதழ் விரியும். இதழ் ஒரு நிறம், இடைவெளி வேறு நிறம். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் கடைசி வில் முதல் புள்ளியில் வந்து சேராது, முதலிலேயே இறுக்கிவிடுங்கள். வண்ணப் பெட்டி இல்லாத வீடுகளில் மஞ்சளுக்கு முட்டையின் கரு, பச்சைக்குப் புல்லைக் கசக்கிய சாறு, நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலம். பையன்கள் அதைத் தொப்பியில் குத்திக்கொள்வார்கள்.

பெண் குழந்தைகளுடையது பட்டுநாடாச் சிலுவை. 8 செ.மீ. நீளமுள்ள இரண்டு அட்டைத் துண்டுகளைச் சம கைகளாகக் குறுக்கே வைத்துத் தைத்து, பல நிற நாடாக்களைச் சுற்றி, நடுவில் பச்சை நாடாப் பூ ஒன்று வைப்பார்கள். அட்டையைத் தைக்காமல் பசை மட்டும் போட்டால், நாடாவை இழுத்துச் சுற்றும்போது கைகள் திருகிக்கொள்ளும்.

சில வீடுகளில், அடுப்பில் கரிந்த குச்சி முனையால் ஒவ்வொருவர் சட்டைக் கையிலும் சிலுவை இடும் வழக்கமும் இருந்தது. மற்றபடி காலையில் திருப்பலி. அயர்லாந்தில் மார்ச் 17 இன்றும் கடன் திருநாள், அதாவது கத்தோலிக்கர் கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய நாள்.

கேள்வி: தவக்காலத்தில் வரும் திருநாளுக்கு விருந்தா? 'கார்ண்டு பீஃப்' என்கிறார்களே, அதுதான் மரபு உணவா?

பிற்காலத்தில் தவக்கால ஒருசந்திக்கும் (நோன்பு) சுத்தபோசனத்துக்கும் (இறைச்சி தவிர்ப்பு) அந்த ஒரு நாள் விலக்கு வந்தது. அடக்கி வைத்த நாவுக்கு நடுவில் கிடைத்த ஒரு நாள் என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. கார்ண்டு பீஃப் அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் குடியேறிகளின் வழக்கம். அங்கே அவர்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது உப்பிட்ட மாட்டு நெஞ்சுக்கறி. அயர்லாந்தின் வீட்டு உணவு உப்பில் ஊறிய பன்றிக்கறியும் முட்டைக்கோசும்: பேக்கன் அண்ட் கேபேஜ்.

ஆறு பேருக்கு 1.5 கிலோ முழுத்துண்டு போதும், முதுகுப்பகுதியோ கழுத்துப்பகுதியோ. மெல்லிய சீவல் பேக்கன் இதற்கு ஆகாது. முந்தைய இரவே குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். காலையில் புது நீரில் மெதுவாகக் கொதிக்கவிட்டால் வெள்ளை நுரை பொங்கும், அது உப்பு அதிகம் என்பதன் அடையாளம். அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி புது நீர். நுரை நிறைய வந்தால் இன்னொரு முறையும் கொட்டுங்கள். இதைச் சோம்பலில் தவிர்த்தால் கறியும் கெடும், பின்னால் அதே நீரில் வேகும் கோசும் கரிக்கும். பிறகு 450 கிராமுக்கு 20 நிமிடம், மேலே ஒரு 20 நிமிடம், அதாவது 1.5 கிலோவுக்கு ஏறத்தாழ 85 நிமிடம். நீர் அசைய வேண்டும், குதிக்கக் கூடாது. தளதளவென்று கொதித்தால் நார் இறுகிப்போகும்.

கடைசி நேரத்தில் கறியை எடுத்து மூடிவைத்து, அந்த நீரில் நறுக்கிய முட்டைக்கோசைப் போடுங்கள். கரும்பச்சை இலைக்கோசு என்றால் 8 முதல் 10 நிமிடம். மூடி போட்டு நெடுநேரம் வேகவிட்டால் நிறம் பழுத்து, கந்தக வாடை வந்துவிடும். வடித்து, வெண்ணெயும் மிளகும் மட்டும். பார்ஸ்லி சாஸுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, 500 மி.லி. பால், 100 மி.லி. கறி வெந்த நீர், ஒரு கைப்பிடி நறுக்கிய பார்ஸ்லி. மைதாவை வெண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கிப் பச்சை வாசனை போனபின் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்பை ருசி பார்க்காமல் சேர்க்காதீர்கள், கறிநீரிலேயே இருக்கும்.

பக்கத்தில் சோடா ரொட்டி. 450 கிராம் மைதா, சமதளமாக ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 350 முதல் 400 மி.லி. மோர். சோடா உப்பு வீட்டுக்கு வந்த 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ரொட்டி இது. அங்கு விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்டை இழுத்துப் பிடிக்கும் அளவுக்குப் பசைச்சத்து அதில் குறைவு. சோடாவுக்கு அது போதும். மோரை நடுவில் ஊற்றி, விரல்களை விரித்து ஒரே சுற்றில் சேர்த்துவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் கல்லாகும். மோரின் புளிப்பு பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடுவதால், கலந்த மாவைக் காத்திருக்க வைக்கவும் கூடாது. அடுப்பை முன்னமே சூடாக்கிக்கொள்ளுங்கள். மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல், அது நடுப்பகுதிக்கு வெப்பம் போக வழி. 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 30 நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் வர வேண்டும். உள்ளே மஞ்சள் திட்டும் சோப்பு வாடையும் வந்தால், சோடா அதிகம் அல்லது சலிக்காமல் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: இந்த நாளில் மதுக்கடைகள் மூடியிருந்தன என்கிறார்களே, நம்ப முடியவில்லை.

நம்பலாம். 1927இன் சட்டப்படி அயர்லாந்தில் பேட்ரிக் திருநாளன்று பப்புகள் மூடியிருந்தன. பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் போல. 1960இன் சட்டம்தான் அதைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் டப்ளினில் சட்டப்படி மது கிடைத்த இடமாகப் பேர்பெற்றது, ராயல் டப்ளின் சொசைட்டியின் நாய்க் கண்காட்சி. நாய் வளர்க்காதவர்களும் கூட்டமாகப் போனார்கள்.

'ஷாம்ராக்கை முழுக்குதல்' என்ற வழக்கம் அதைவிடப் பழையது. நாள் முழுதும் அணிந்த கொத்தை இரவின் கடைசிக் கோப்பையில் போட்டு, நலம் வாழ்த்திக் குடித்துவிட்டு, கோப்பையின் அடியில் கிடக்கும் கொத்தை எடுத்து இடத்தோளுக்குப் பின்னால் எறிவார்கள். ஊசியைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: டப்ளின் ஊர்வலத்தை முதல்முறையாகப் பார்க்கப் போகிறோம். எங்கே நிற்கலாம்?

மார்ச் 17 நண்பகல் 12 மணிக்குப் பார்னெல் சதுக்கத்திலிருந்து தொடங்கி, ஓ'கானல் தெரு, லிஃபி ஆற்றுப் பாலம், டேம் தெரு வழியாகப் புனித பேட்ரிக் பேராலயத்தின் பக்கம் போவது வழக்கமான பாதை. அந்த ஆண்டின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓ'கானல் தெருவின் முன்வரிசை முதலில் நிறையும். குழந்தைகள் இருந்தால் 10 மணிக்குள் போய்விட வேண்டும். நகர நடுவில் ட்ராமும் பேருந்தும் தடைப்படும் என்பதால் டார்ட் என்ற புறநகர் ரயிலில் வந்து நடப்பது நல்லது. ஆற்றைக் கடக்கும் பாதை சிறிதுநேரம் அடைபடும். உங்கள் தங்குமிடம் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையிலேயே நில்லுங்கள். மார்ச் நடுவில் வெயிலும் மழையும் ஒரே மணிக்குள் மாறி மாறி வரும். குடை பின்னால் நிற்பவரை மறைக்கும், மழைச்சட்டை எடுத்துப்போங்கள்.

ஊர்வலம் என்ற வடிவம் கடல் கடந்து வந்தது. ஸ்பானியர் ஆண்ட ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1601இலும், நியூயார்க்கில் 1762இலும் நடந்தது. 1903இல் அயர்லாந்துக்கு இந்நாள் அரசு விடுமுறையாகச் சட்டமாயிற்று. அதைக் கொண்டுவந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஓ'மாரா. டப்ளினில் அரசு சார்பில் ஊர்வலம் 1931இல். பலநாள் விழாவாக விரிந்தது 1996இலிருந்து. ஆனால் கேட்டால் நாங்கள் கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் ஊரைத்தான் சொல்வோம். அங்கே விடியாத காலை 6 மணிக்கு மேளமும் குழலுமாக ஊர் எழுந்து நடக்கும்.

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். 17ஆம் தேதி என் வார விடுப்பில் வந்தால் அந்த நாள் போய்விடுமா?

போகாது. 1997இன் வேலைநேரச் சட்டப்படி முதலாளி நான்கில் ஒன்றைத் தர வேண்டும்: அன்றே சம்பளத்துடன் விடுப்பு, ஒரு மாதத்துக்குள் சம்பளத்துடன் மாற்று விடுப்பு, ஆண்டு விடுப்பில் ஒரு நாள் கூடுதல், அல்லது ஒரு நாள் கூடுதல் சம்பளம். பகுதிநேர ஊழியர் என்றால் அதற்கு முந்தைய ஐந்து வாரத்தில் 40 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். சனிக்கிழமை வந்தால் திங்கள் தானாக விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். எதைத் தருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாழ்த்து எப்படிச் சொல்வது?

ஐரிஷ் மொழியில் ஒருவருக்கு: 'லா எய்ல்யா பாட்ரிக் ஸனா டிட்ச்'. பலருக்கு: கடைசிச் சொல் 'டீவ்'. எழுதும்போது சுருக்கிச் சொன்னால் 'பேடி' நாள் என்க வேண்டும், 'பேட்டி' என்றால் அது பெண்பெயர். மூலப்பெயர் பாட்ரிக் என்பதில் இருப்பது ஆங்கில d போன்ற மெல்லோசை 'ட'. இந்தத் தவறு அயர்லாந்துக்காரர்களை உண்மையாகவே வருத்தும். மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழி விழாவும் நடக்கும், ஆகவே தவறாக உச்சரித்தாலும் சொல்லிப் பாருங்கள், மகிழ்ச்சியோடு திருத்துவார்கள்.

கேள்வி: குரோ பேட்ரிக் மலையில் மார்ச்சில் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் பெரிய யாத்திரை ஜூலையின் கடைசி ஞாயிறு. மேயோ மாவட்டத்தில் வெஸ்ட்போர்ட்டுக்கு அருகே உள்ள 764 மீட்டர் மலை அது. பேட்ரிக் நாற்பது நாள் அங்கே நோன்பிருந்தார் என்று 7ஆம் நூற்றாண்டிலேயே தீரெகான் என்பவர் எழுதியிருக்கிறார். முரிஸ்க் அடிவாரத்திலிருந்து ஏறி இறங்க சுமார் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கூம்பு செங்குத்து, கற்கள் காலுக்குக் கீழே உருளும். விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான். கைத்தடியும் கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் கட்டாயம். மார்ச்சில் உச்சியில் மேகம் மூடினால் பாதை தெரியாது, மாத நடுவில் மாலை ஆறே முக்கால் அளவில் சூரியன் மறையும். 11 மணிக்குப் பின் கிளம்ப வேண்டாம். செபமாகச் செய்பவர்கள் முதல் நிலையில் கற்குவியலை ஏழுமுறை சுற்றி, ஏழு கர்த்தர் கற்பித்த செபம், ஏழு மங்கள வார்த்தை செபம், ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். உச்சியில் 1905இல் கட்டிய சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்றுவார்கள்.

கேள்வி: அவருடைய கல்லறை எங்கே? அங்கே என்ன பார்க்கலாம்?

வட அயர்லாந்தின் டவுன்பேட்ரிக்கில், டவுன் பேராலயத்தின் புல்வெளியில். 'பேட்ரிக்' என்று மட்டும் பொறித்த பெரிய கருங்கல் பலகை ஒன்று கிடக்கும். அது மோர்ன் மலையின் கல், 1900இல் வைத்தது. நூற்றாண்டுகளாக வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போய் அந்த இடம் பள்ளமாகிவிட்டதால்தான் கல்லால் மூடினார்கள். அவர் எலும்பு உறுதியாக அதன் அடியில்தான் இருக்கிறது என்று யாராலும் நிலைநாட்ட முடியாது. அங்கே புதைத்தார்கள் என்பது மிகப் பழைய மரபு. சுமார் 3 கி.மீ. தள்ளி சால் என்ற ஊர். ஐரிஷில் களஞ்சியம் என்று பொருள். ஒரு தலைவன் கொடுத்த தானியக் களஞ்சியத்தில் அவர் முதல் ஆலயம் வைத்தார் என்பார்கள். இப்போதுள்ள சிறிய கல் ஆலயம் 1932இல் கட்டியது.

திருநாளன்று சாலில் வழிபாடு முடிந்து, அங்கிருந்து டவுன் பேராலயம்வரை நடந்து வந்து, கல்லின்மேல் மலர்வளையம் வைப்பார்கள். பயணத்தைத் திட்டமிடுபவர்களுக்கு ஒன்று: அங்கே நாணயம் பவுண்டு, தெற்கே டப்ளினில் யூரோ. வேறொரு நாளில் டப்ளினின் கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால், பேட்ரிக்கின் மணி என்று போற்றப்படும் இரும்பு மணியையும், அதற்காக 1100ஐ ஒட்டிச் செய்த பொன் இழைப் பேழையையும் பார்க்கலாம். பேழை கண்ணைப் பறிக்கும். மணியோ, மாட்டுக் கழுத்தில் கட்டுவதைப் போன்ற மடக்கித் தட்டிய தகடு. முதலில் மணியைப் பாருங்கள்.